பல்லைக் கடிக்காமல்

பிப்ரவரி 6, திங்கள்

கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஒரு மாதமாக டிராயரில் கிடந்தது. இன்று தொடங்குகிறேன். சனிக்கிழமை கோயமுத்தூரில் பார்த்த டாக்டரம்மா, "எத்தனை நாளா இப்படி? என்னென்ன பண்ணிப் பார்த்தீங்க?" என்று கேட்டபோது எனக்கு ஒன்றுக்கும் ஒழுங்காகப் பதில் வரவில்லை. நான் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். எந்த மோட்டார் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு தண்ணீர் தள்ளியது என்று நாள் முழுக்க எழுதுகிறவள். என்னைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது.

எழுதிவிடுகிறேன். பெயர் தமயந்தி, வயது இருபத்தெட்டு, ஊர் கிணத்துக்கடவு. கல்யாணமாகிப் பதினேழு மாதம். கணவர் பூபதி கால்நடை ஆய்வாளர். சுற்றுவட்டாரத்துப் பசுக்களுக்கெல்லாம் சினை ஊசி போடுகிறவர். வீட்டில் மாமியாரும் இருக்கிறார், பழனியம்மாள். எனக்கும் கணவருக்கும் இடையில் அது இன்னும் நடக்கவில்லை. ஆசை இல்லாமலில்லை. நெருங்கினால் என் உடம்பு என்னைக் கேட்காமலே இறுகிக்கொள்கிறது. மீறினால் எரிகிற மாதிரி வலி.

டாக்டரம்மா சோதிக்கவேண்டும் என்று கட்டிலில் படுக்கச் சொன்னார். அவர் கையுறை மாட்டியது வரை நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, நான் கட்டிலின் தலைமாட்டில் குத்தவைத்திருந்ததும், தட்டு நர்ஸின் காலில் விழுந்து உருண்டதும், அவர் ஒற்றைக் காலில் நின்றதும்தான். "இதுக்கே இப்படின்னா எப்படிம்மா குடும்பம் நடத்துவே?" என்றார் டாக்டரம்மா. ஸ்கேன் எடுத்தார். எல்லாம் நார்மல். பயப்படக்கூடாதாம். மனதை லேசாக வைத்துக்கொண்டு ஊட்டிக்குப் போய்வரவேண்டுமாம்.

பிப்ரவரி 7

அத்தை இன்று அவருக்கு இரண்டு நாட்டுக்கோழி முட்டை வைத்தார். எனக்கு வைக்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 20, திங்கள்

ஊட்டி போய்வந்தோம். மூன்று நாள். மனதை லேசாக வைத்துக்கொண்டேன். முதல் நாள் அந்தக் குளிரில் இருவரும் ஸ்வெட்டரோடு படுத்தோம். இரண்டாம் நாள் முயன்றோம், நான் அழுதேன். மூன்றாம் நாள் அவர் படகுச் சவாரிக்கு அழைத்துப் போனார். நல்ல மனிதர், பெடலை அவர் மட்டுமே மிதித்தார். திரும்பி வரும்போது ஐந்து கிலோ கேரட், எனக்குச் சளி.

அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் மகன் முகத்தைத்தான் உற்றுப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டுக் கேரட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மார்ச் 5, ஞாயிறு

டெஸ்டிங்கில் என் பக்கத்து மேசை ரெஜினா அக்காவிடம் மட்டும் அரைகுறையாகச் சொல்லியிருந்தேன். "ஏம்புள்ள, இதுக்குப் போயி டாக்டரா? நான் கிறிஸ்துமஸுக்குப் போட்ட திராட்சை ஒயின் இருக்குது. அரை டம்ளர் குடி. கை காலெல்லாம் தளந்துரும்" என்று, ஒரு பாட்டிலை மதிய உணவுப் பைக்குள் வைத்துக் கொடுத்தார்.

அத்தை காதுகுத்துக்குப் போயிருந்தார். மூன்று மணிக்கு அரை டம்ளர் குடித்தேன். இனிப்பாக இருந்தது, இன்னொரு அரை டம்ளரும் குடித்தேன். கை கால் தளர்ந்தது உண்மை. நாக்கும் தளர்ந்துவிட்டது. பிறகு கணவர் சொன்னபடி எழுதுகிறேன்: நான் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து பம்புக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வில் காற்று புகுந்தால் என்னவாகும் என்று நாற்பது நிமிடம் விளக்கினேனாம். நடுவில் அவரை "சூப்பர்வைசர் சார்" என்று இரண்டு முறை கூப்பிட்டேனாம். பிறகு தூங்கிவிட்டேன். எழுந்தபோது தலைமாட்டில் ஒரு சொம்பு மோர் இருந்தது.

மார்ச் 19

அவருக்கு முட்டையோடு இப்போது முருங்கைப்பூப் பொரியலும் பாதாம்பாலும் சேர்ந்திருக்கிறது. சாயங்காலம் ஏதோ கறுப்பு லேகியம், நெல்லிக்காய் அளவு. "எதுக்குங்க மாமா இதெல்லாம்?" என்று அவரிடம் கேட்டேன். "அம்மா ஆசையாக் குடுக்குது, வேண்டாம்னா சங்கடப்படும்" என்று விழுங்கினார். கல்யாணச் சட்டையில் இரண்டு பொத்தான் போட முடியவில்லை. ஒரே பையன் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது.

ஏப்ரல் 3, திங்கள்

இன்னொரு டாக்டர். இவர் திட்டவில்லை, மரத்துப்போகச் செய்கிற களிம்பு எழுதிக் கொடுத்தார். "வலி தெரியாட்டிப் பயமும் போயிரும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. குழாயைக் குளியலறை அலமாரியில் வைத்தேன்.

ஏப்ரல் 5

இவர் அவசரத்தில் அந்தக் களிம்பை பேஸ்ட் என்று நினைத்துப் பல் தேய்த்துவிட்டார். அடுத்த நிமிடம் கோவில்பாளையத்திலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். கன்று குறுக்கே நிற்கிறதாம், உடனே வரவேண்டுமாம். இவர் "வர்றனுங்க, தண்ணி காட்டாதீங்க" என்று சொல்ல நினைத்திருக்கிறார். வாயிலிருந்து வந்தது எதுவும் தமிழில்லை. அந்தப் பக்கம் விவசாயி பயந்துபோய், "சார், உங்களுக்கு என்னாச்சுங்? நீங்க வேண்டாஞ்சார், ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டார். நான் போனை வாங்கிப் பல்வலி என்று சொன்னேன். கன்று நல்லபடியாகப் பிறந்தது. கிடேரி, பெண் கன்று.

ஏப்ரல் 9, ஞாயிறு

களிம்பு. எரிச்சல் தெரியவில்லை, அதுவரை சரி. ஆனால் இறுகுவது அப்படியேதான் இருந்தது. அவர் கை என் இடுப்புக்கு வரும் முன்பே இறுகிவிட்டது. வலிக்காமலே மூடுகிறது என்றால், எனக்குப் பயம் வலியைப் பார்த்து மட்டும் இல்லையா? தெரியவில்லை. இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டது, துடைத்தேன்.

ஏப்ரல் 24, திங்கள்

மூன்றாவது டாக்டர். "சின்ன ஆபரேஷன், ஒரே நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்" என்றார். என் கணவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, "எதை மேடம் வெட்டுவீங்க?" என்று கேட்டார். டாக்டர் ஏதோ சொன்னார். "அங்க தடை ஒண்ணுமில்லைன்னு ஸ்கேன்ல வந்திருக்குதுங்களே. சதை பயந்து இறுகுதுன்னா அதை வெட்டுனா பயம் போயிருமுங்களா?" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அங்கேயே அவர் நிறுத்தியிருக்கலாம். "நானும் கால்நடைத் துறையிலதானுங் இருக்கறேன். மிரண்ட கிடேரியை அமுக்கிப் பிடிச்சு ஊசி போட்டா, அது மறுக்கா அந்த எடத்துப் பக்கமே வராதுங்க" என்று முடித்தார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

வெளியே வந்தபோது சீட்டுப் போடுகிற பெண் ஒரு துண்டுக் காகிதத்தை என் கையில் திணித்தாள். ஒரு போன் நம்பர். "பிலோமினா மேடம்னு பிசியோதெரபி பண்றவங்க. இதுக்குன்னே படிச்சவங்க. நான் குடுத்தேன்னு சொல்லிராதீங்கக்கா" என்றாள்.

ஏப்ரல் 25

கிடேரி பேசவில்லை.

ஏப்ரல் 26

இன்றும் பேசவில்லை. தேங்காய் பன் வாங்கி வந்தார். பன்னைச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 27

பேசினேன். "மாட்டோட ஒப்புமை பண்ணுனது தப்புதான் தமா. எனக்கு வேற உதாரணம் வரலை" என்றார். "ஆனா உன்னைய அமுக்கிப் பிடிச்சு எதுவும் வேண்டாம். ஆகாட்டிப் போகுது." அப்போது அவர் என்னைப் பார்க்காமல் மோட்டார் சைக்கிள் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாவியில் அழுக்கு ஒன்றுமில்லை.

மே 10, புதன்

பிலோமினா மேடம். ஐம்பது வயது இருக்கும். நான் உள்ளே போனதும் கட்டிலைப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, "அது இன்னைக்கு நமக்கில்லை, பைய வைங்க அதுமேல" என்றார். என் கைப்பை அரை மணி நேரம் கட்டிலில் படுத்திருந்தது.

எல்லாவற்றையும் கேட்டார். இந்த டைரியிலிருந்து படித்தேன். ஒயின் பகுதியில் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். இதற்கு வெஜைனிஸ்மஸ் என்று பெயராம். இடுப்பின் அடியில் தொட்டில் மாதிரித் தசைகள் இருக்கின்றனவாம். கண்ணுக்கு நேரே விரலைக் கொண்டுபோனால் இமை மூடுகிற மாதிரி அவை மூடிக்கொள்கின்றனவாம். "இமையைத் திட்டி எவளாவது திறப்பாளா? பழக்கித்தான் திறக்கோணும்" என்றார். குடும்பத்தில் யாராவது பயமுறுத்தினார்களா என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன் என் சித்தி, "பல்லைக் கடிச்சுட்டு இருந்துக்கோ, மூணாம் நாள் பழகீரும்" என்று சொன்னதைச் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

வைத்தியம்: வயிறு புடைக்க மூச்சிழுத்து விடுதல். அந்தத் தசையை இறுக்கித் தளர்த்துதல். கண்ணாடி வைத்துப் பார்த்தல். பிறகு மெல்ல மெல்லப் பருமன் கூடுகிற ஐந்து குழல்கள், சிலிக்கானில் செய்தவை. சின்னது சுண்டுவிரல் அளவு. அதை நானே, என் கையால், என் நேரத்தில். அவர் சொல்கிறவரை கணவரோடு முயற்சி கூடவே கூடாது.

வெளியே காத்திருந்த இவரிடம் கடைசியாகச் சொன்னதை மட்டும் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து, பெரிதாக ஒரு மூச்சு விட்டார். பிறகு இரண்டு இளநீர் வாங்கினார்.

ஜூன் 2, வெள்ளி

கூரியர் நான் இல்லாதபோது வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால், ஐந்து குழல்களும் கழுவித் துடைத்துச் சமையலறை ஜன்னல் திட்டில் உயர வரிசையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

"இது என்ன அம்மணி சாமான்? சந்தகை மாவு புழியற கட்டையின்னு பார்த்தா ஓட்டையே இல்லை" என்றார் அத்தை. பின்னாலேயே வந்த இவர், "அது ஆபீஸ் சாமான்மா. வெள்ளாட்டுக்கு" என்றார்.

"ஆட்டுக்குமா சினை ஊசி வந்திருச்சு?"

"வந்திருச்சும்மா."

"அஞ்சு சைசு எதுக்குடா?"

"குட்டி ஆடு, பெரிய ஆடுன்னு இருக்கும்ல" என்று சொல்லிவிட்டு, ஐந்தையும் அள்ளிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

ஜூன் 4, ஞாயிறு

அத்தை சொல்லிவிட்டிருக்கிறார். காலை ஏழு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்து மாராத்தாள் ஆட்டோடு வாசலில் நின்றாள். "தம்பி, புதுசா வந்த மிஷின் நம்ம ஆட்டுக்கு மொதல்ல போடோணுங்" என்றாள். ஆடு எங்கள் செம்பருத்தியைத் தின்றது. இவர் அரை மணி நேரம் பேசி, இந்த ஆடு ஏற்கெனவே சினையாக இருக்கிறது என்று தடவிப் பார்த்துச் சொல்லி அனுப்பினார். உண்மையிலேயே சினையாம். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மாலையில் முதல் குழலை எடுத்தேன். பிலோமினா மேடம் சொன்ன மாதிரி மூச்சு விட்டேன். பாதி போயிற்று. வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 27

ஒன்று முடிந்தது. இரண்டு தொடக்கம்.

ஜூலை 16

மூன்று. மூன்று வேண்டாம் என்கிறது உடம்பு. இரண்டு வாரமாக இதே கதை. அழுதேன். "பம்பு ஓடலைன்னா நீங்க பம்பைத் திட்டுவீங்களா?" என்று மேடம் கேட்டார். திட்டுவோம் என்றேன், கம்பெனியில் எல்லோரும் திட்டுவோம். மறுபடி இரண்டுக்குப் போகச் சொன்னார்.

இவருக்கு எடை எண்பத்தொன்று. கல்யாணத்தின்போது எழுபத்திரண்டு.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

உடுமலையில் சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் அத்தையின் ஒன்றுவிட்ட தங்கை உட்கார்ந்தார். ஜாங்கிரியைப் பிய்த்தபடி என் முழங்கையை அழுத்தி, "உன்ற பொறுமை ஆருக்கு வரும் கண்ணு? வேற புள்ளையா இருந்தா இந்நேரம் பொட்டியக் கட்டியிருப்பா. பூபதிக்கு வைத்தியம் எப்படிப் போகுது?" என்றார்.

"என்ன வைத்தியமுங்க சின்னத்தை?"

"நீ மறைக்க வேண்டாஞ்சாமி. அவனே அவங்க அம்மாகிட்டச் சொல்லீட்டானாமே, கோளாறு எம்மேலதான், அவளைய ஒண்ணும் கேக்காதீங்கன்னு. போன தையிலயே சொல்லீட்டான். பாவம், ஊரு மாட்டுக்கெல்லாம் ஊசி போடறவன், இவனுக்கு இப்படின்னு எங்க வீட்டுக்காரரு கூட..." என்று சொல்லிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எதிர் வரிசையில் அந்த வீட்டுக்காரரும் இன்னொருவரும் இவரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். கேட்டிருக்கும். கேட்காத மாதிரி சாப்பிட்டார்.

முட்டை. முருங்கைப்பூ. லேகியம். ஆறு மாதமாக இந்த டைரியில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், எனக்கு ஏன் விளங்கவில்லை?

பஸ்ஸில் கேட்டேன். "அம்மா உன்னைய உங்க ஊருக்குக் கொண்டுபோயி விட்டுட்டு வரச் சொல்லுச்சு. கோயில்ல வெச்சு மந்திரிக்கோணும்னுச்சு. அப்ப வாய்ல வந்ததைச் சொன்னேன்" என்றார். "சிரிக்கறாங்களே மாமா." "சிரிச்சுட்டுப் போறாங்க. மாடு யாரும் சிரிக்கலியே." கோமங்கலம் வரைக்கும் நான் அவர் தோளில் அழுதேன். முன் சீட்டுக்காரர் வாந்தி வருகிறதோ என்று பாலிதீன் பை கொடுத்தார்.

ஆகஸ்ட் 21, திங்கள்

லீவு போட்டேன். அவர் கிளம்பிய பிறகு சமையலறையில் அத்தைக்கு எதிரே உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஆட்டுச் சாமான் எதற்கென்றும்.

அத்தை நெடுநேரம் வெங்காயத்தை உரித்தார். சாம்பாருக்குத் தேவைப்பட்டதைவிட மூன்று மடங்கு உரித்துவிட்டார்.

"அப்ப அவனுக்கு ஒரு கோளாறுமில்லியா?"

"இல்லீங்கத்தை."

"லேகியம்?"

"சும்மாதானுங்க தின்னாரு."

"எருமை மாதிரி ஆகிப்போட்டானே" என்றார். பிறகு குரல் இறங்கியது. "ரொம்ப வலிக்குமா கண்ணு?"

"வலிக்குமுங்க."

"எனக்கும் வலிச்சுது. ரெண்டு வருசம். எல்லாத்துக்கும் அப்படித்தானாக்கும்னு நெனச்சுட்டு, முந்தானையை வாய்க்குள்ள திணிச்சுட்டுக் கெடந்தேன். ஆருகிட்டச் சொல்றது?" வெங்காயத்தால்தான் கண் கலங்குகிறது என்பது போலத் துடைத்துக்கொண்டார்.

பிறகு போனை எடுத்து அந்த உடுமலைத் தங்கைக்குப் போட்டார். "ஏன் தங்கம், என்ற பையன் கதைய உன்ற வீட்டுக்காரரு பந்தியில வெச்சுச் சிரிச்சாராமே? என்ற பையன் நல்லாத்தான் இருக்கறான். உன்ற வீட்டுக்காரருக்குத்தான் வாயில கோளாறு" என்று சொல்லி, பதில் வரும்முன் வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 22

என் தட்டில் இரண்டு முட்டை. அவர் தட்டில் ஒரு தோசை. அவர் என் தட்டைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், தோசையைப் பிய்த்தார்.

செப்டம்பர் 12

நான்கு. சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரை வரை அத்தை தினமும் கோயிலுக்குப் போகிறார். போகும்போது வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி, "நான் வர அரை மணி நேரமாகும்" என்று கத்திவிட்டுப் போகிறார். மாராத்தாள் நேற்று, "உங்க மாமியா எதுக்குங் அதை எங்களுக்குச் சொல்றாங்க?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 30, சனி

ஐந்து. மேடத்தின் கட்டிலில் இன்று நானே ஏறிப் படுத்தேன். சோதித்தார். தட்டு விழவில்லை. "இனி உங்க இஷ்டம். எப்ப வேணுமோ அப்ப. நிறுத்துன்னா நிறுத்தோணும், அது ஒண்ணுதான் சட்டம்" என்றார் இருவரிடமும். இவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி "சரிங் மேடம்" என்றார்.

அக்டோபர் 8, ஞாயிறு

மதியம். மழை. ஒரு முறை நிறுத்துங்க என்றேன், நிறுத்தினார். கொடியில் துணி நனைவது நினைவுக்கு வந்தது, சிரித்தேன், அவரும் சிரித்தார். பிறகு நான்தான் வாங்க என்றேன். வலிக்கவில்லை.

துணியெல்லாம் நனைந்துவிட்டது. மறுபடி அலசிப் போட்டேன்.

அக்டோபர் 21

மேடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். அடுத்து வருகிறவர்களுக்கு உதவுமாம். செய்த வைத்தியங்களை எழுதிப் பத்துக்கு மதிப்பெண் போடவேண்டும். போட்டேன். பயப்படாதே என்ற அறிவுரை: பூஜ்யம். ஊட்டி: எனக்குப் பூஜ்யம், கேரட் நன்றாக இருந்தது. ஒயின்: தூக்கத்துக்கு ஒன்பது. களிம்பு: இரண்டு, ஏனென்றால் இறுக்கம் வேறு, வலி வேறு என்று தெரிந்தது. லேகியம்: ஆள் மாறிச் சாப்பிட்டதால் மதிப்பிட இயலவில்லை. பயிற்சியும் குழல்களும்: ஒன்பது. ஒன்றைக் குறைத்தது மூன்றாம் நம்பருக்காக. கடைசியில் 'வேறு ஏதேனும் உதவியதா?' என்றிருந்தது. அந்தக் கட்டத்தில் எழுத இடம் போதவில்லை, தாளைத் திருப்பி எழுதினேன். என்ன எழுதினேன் என்று இவர் கேட்டார். சொல்லவில்லை.

நவம்பர் 4, சனி

தாளைக் கொடுக்கப் போனேன். காத்திருக்கும் இடத்தில் முழங்கால் வலிக்காரத் தாத்தா ஒருவர், அவருக்கு அடுத்து ஓர் அம்மா. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மடியில் விடைத்தாள் கட்டு, சிவப்புப் பேனா. திருத்திக்கொண்டிருந்தார். பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், காலைச் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

ஒரு தாளையும் அவர் முழுதாகத் திருத்தவில்லை என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. அடியில் புதிதாக வருகிறவர்களுக்கான படிவம் இருந்தது. பெயர், வயது நாற்பத்தொன்று, தலைமையாசிரியை எல்லாம் மணிமணியாக எழுதியிருந்தார். 'என்ன தொந்தரவு' என்ற கட்டம் காலி.

"இதுல என்னம்மா எழுதோணும்?" என்று கேட்டார், என்னைப் பார்க்காமல்.

"நீங்க எதுக்குங்க மேடம் வந்திருக்கீங்க?"

பேனா மூடியைத் திறந்தார், மூடினார். கழுத்து சிவந்துவிட்டது. எனக்குப் புரிந்தது. "எனக்கு இருந்தது இதுங்க" என்று நான் வெஜைனிஸ்மஸ் என்ற பெயரைச் சொன்னேன். பயத்தில் குரல் சற்று உயர்ந்துவிட்டது. "அது என்ன வியாதி? மூட்டுலயா வருது?" என்றார் தாத்தா. "இல்லீங்க, இது பொம்பளைங்களுக்கு" என்றேன். தாத்தா செய்தித்தாளை விரித்து அதற்குள் போய்விட்டார்.

"எழுத்துக்கூட்டிச் சொல்லு" என்றார் அந்த அம்மா. சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாக எழுதினார், அடியில் கோடு போட்டார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு வருசம்" என்றார். "பள்ளிக்கூடத்துல முந்நூறு புள்ளைங்க இருக்குது, அதே போதும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்." பிறகு மெதுவாக, "வலிக்குமா?"

"வலிச்சா நிறுத்திக்கலாமுங்க மேடம்."

"நிறுத்தலாமா?" வகுப்பில் புதிதாக ஒன்றைக் கேட்கிற பிள்ளையின் முகம். "நிறுத்துனாத் திட்ட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

பிலோமினா மேடம் கதவைத் திறந்து அவர் பெயரைக் கூப்பிட்டார். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். விடைத்தாள் கட்டை என் மடியில் வைத்து, "பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஏழாம் வகுப்பு அறிவியல், நாற்பத்திரண்டு தாள். ஒரு பையன் இதயத்தின் படத்துக்குப் பதில் அம்பு குத்திய இதயம் வரைந்திருந்தான். கிணத்துக்கடவு பஸ் போனது, அதற்கடுத்த பஸ்ஸும் போனது. உள்ளேயிருந்து முதலில் ஒரு சத்தமும் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, கதவைத் தாண்டி, தலைமையாசிரியை சத்தமாகச் சிரிப்பது கேட்டது. தாத்தா செய்தித்தாளை இறக்கி என்னைப் பார்த்தார். நான் கட்டைச் சரிசெய்து, இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.